ஸ்கேன் என்றால் வயிற்றில் பிள்ளை என்று மட்டும்தான் அர்த்தமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்கள் விடயம்தானே என்று சகோதரர்கள் கடந்து போய்விட வேண்டாம். ஹொஸ்பிட்டலுக்குப் போக ஓட்டோ பிடிப்பதும், காசு எடுத்துக் கொடுப்பதும், "சரி, போய்க் காட்டிட்டு வாங்க" என்று சொல்வதும் நம்மூரில் பெரும்பாலும் ஆண்கள்தான். அதனால் இதை முதலில் வாசிக்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

பாடசாலையில் படிப்பிக்கும் நாங்கள் ஒவ்வொரு நாளும் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறோம். மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள், ஏறத்தாழ ஒரே இடைவெளியில் வராமல் போகிற பெண் பிள்ளைகள் உயர் வகுப்புகளில் இருக்கிறார்கள். கேட்டால், "வயித்து வலி மிஸ்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். சிலர் வந்தும் மேசையில் தலை வைத்துப் படுத்திருப்பார்கள். வருடத்துக்கு முப்பது நாற்பது நாள் இப்படிப் போனால் ஓ.எல். பரீட்சையில் அந்தப் பிள்ளை எதை எழுதும்?

உம்மாமாரைக் கூப்பிட்டுப் பேசினால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, "எனக்கும் இப்பிடித்தான் மிஸ் இருந்திச்சி, கலியாணம் முடிச்சாச் சரியாகிடும்." இரண்டாவது பதில் கொஞ்சம் மெதுவாக வரும். "டொக்டர்ட்டக் காட்டினா ஸ்கேன் எழுதித் தருவாங்க. குமர்ப் புள்ளயக் கூட்டிக்கிட்டு ஸ்கேன் ரூமுக்கு முன்னால இருக்கிறத யாரும் கண்டா என்ன கதைப்பாங்க?"

அந்த உம்மாவைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அவர் பயப்படுவது மெஷினுக்கு இல்லை, நம் வாய்க்கு. ஒரு குமர்ப் பிள்ளை ஸ்கேன் எடுத்தாள் என்ற ஒரு வரிக் கதை தெருவின் அடுத்த முனைக்குப் போவதற்குள் என்னவாக மாறும், பேசி வைத்த ஒரு சம்பந்தம் அதனால் எப்படிக் குழம்பும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பயத்தின் விலையை அந்தப் பிள்ளையின் உடம்பு கட்டுகிறது. அதனால்தான் இதை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் என்றாலே கர்ப்பம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அந்த மெஷினின் வரலாறு வேறு கதை சொல்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று மருத்துவர் இருந்தார். 1955இல் அவர் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். இரும்புக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று ஒலி அலை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. பெண்களின் வயிற்றிலிருந்து சத்திரசிகிச்சை செய்து எடுத்த கட்டிகளைக் கொண்டுபோய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். திடமான கட்டி ஒரு விதமாகவும், நீர் நிறைந்த கட்டி இன்னொரு விதமாகவும் எதிரொலித்தன. 1958இல் அவரும் அவருடைய தோழர்களும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் ஆராய்வது பற்றியதுதான். அவர்கள் பார்த்த ஒரு பெண்ணுக்கு வயிற்றுப் புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் முடிவெடுத்திருந்தார்கள். ஒலி அலை காட்டியதோ சூலகத்தில் வளர்ந்த ஒரு பெரிய நீர்க்கட்டியை. அதை வெட்டி எடுத்தார்கள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். வயிற்றில் பிள்ளையைத் தேடிப் பிறந்த மெஷின் இல்லை இது. பெண்ணின் வயிற்றில் உள்ள நோயைத் தேடிப் பிறந்த மெஷின்.

அடுத்த பயம், "உள்ளுக்கு என்னவோ போடுவாங்களாம்" என்பது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்கேன் இரண்டு வகை. ஒன்று வயிற்றுக்கு மேலே ஜெல் பூசி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்துப் பார்ப்பது. மற்றது பிறப்புறுப்பின் வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பது. திருமணமாகாத, தாம்பத்திய உறவில்லாத பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு மேலால்தான் பார்ப்பார்கள். வயிற்றின் கீழ்ப்பகுதி மட்டும் திறந்திருந்தால் போதும், மற்ற இடமெல்லாம் துணியால் மூடியே இருக்கும். ஊசி இல்லை, வலி இல்லை, எக்ஸ்ரே போலக் கதிரும் இல்லை. காதுக்குக் கேட்காத சத்தம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

மேலால் பார்ப்பதற்குச் சலப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த சலப்பை குடலை மேலே தள்ளிவிட்டு, பின்னால் இருக்கிற கர்ப்பப்பைக்கு ஒரு ஜன்னல் போல ஆகும். தண்ணீர் குடித்துவிட்டு இருக்கச் சொல்வது அதற்காகத்தான். சிலர் பொறுக்க முடியாமல் இடையில் போய்விட்டு வந்து, ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டுச் சலித்துப் போகிறார்கள். நோன்பு காலத்தில் திகதி கிடைத்தால் அவசரமா என்று கேளுங்கள். அவசரமில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளால் பார்க்கும் ஸ்கேனுக்குச் சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். அது திருமணமான பெண்களுக்கு, வைத்தியர் தேவை என்று கண்டால், உங்கள் சம்மதத்துடன் செய்வது. கருவி உறுப்புக்குப் பக்கத்தில் போவதால் படம் தெளிவாக வரும். வேண்டாம் என்று சொல்லவும், பெண் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, அதில் என்னதான் தெரியும்?

கர்ப்பப்பையில் பைப்ரொய்ட் எனும் கட்டிகள் தெரியும். இவை பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. சிலருக்கு ஒரு தொல்லையும் தராது. சிலருக்கோ மாதா மாதம் கட்டி கட்டியாக இரத்தம் போக வைக்கும். நம் உம்மாமார் பலர் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கி, தலை சுற்றி, முகம் வெளிறி இருப்பதற்கு வயது காரணமில்லை, இரத்தம் குறைந்து போனதுதான் காரணம். வருடக்கணக்காக இரும்புச்சத்துக் குளிசை மட்டும் குடித்துக்கொண்டு, இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் இருப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவது போல.

சூலகத்து நீர்க்கட்டிகள் தெரியும். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். மாதவிடாய் வருகிற வயதில் மாதா மாதம் முட்டை வளர்வதே ஒரு சின்ன நீர்ப்பைக்குள்தான். 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தாமாகவே கரைந்துவிடும். பெரிதாக இருந்தாலோ, உள்ளே திடமான பகுதி இருந்தாலோ வைத்தியர் தொடர்ந்து கவனிப்பார். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்து வாந்தியும் எடுத்தால் சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணித்தியாலங்களுக்குள் பார்க்க வேண்டிய விடயம். திருமணமான பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப் போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்து, மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அந்த நேரம் வெந்தயம் அவித்துக் கொடுத்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலான தாய்மார், பெரியம்மாமார் கவனத்துக்கு. அதன் பிறகு ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் காட்ட வேண்டும். "திரும்பவும் ஹைழ் வந்திருக்கு" என்று சிரித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அப்படி இரத்தம் காண்பவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருக்கக்கூடும். ஸ்கேனில் அந்தச் சுவரின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. கூடுதல் என்றால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலானோர் சுகமடைகிற நோய் இது. மீதி ஒன்பது பேரும் நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். காட்டாமல் இருந்தால் பத்துப் பேருக்கும் நிம்மதி இல்லை.

இன்னொன்று, பாடசாலைப் பிள்ளைகளுக்கு. தோழிகளெல்லாம் வயதுக்கு வந்துவிட்டார்கள், ஒரு பிள்ளை மட்டும் வரவில்லை, ஆனால் மாதா மாதம் குறித்த நாளில் அடிவயிறு வலிக்கிறது என்றால், உள்ளே இரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கலாம். பிறவியிலேயே ஒரு மெல்லிய சவ்வு வழியை மூடியிருப்பதால் சிலருக்கு இப்படி ஏற்படும். ஸ்கேனில் இலகுவாகத் தெரிந்துவிடும், சின்ன சத்திரசிகிச்சையில் தீர்ந்துவிடும். தெரியாமல் விட்டால் மாதா மாதம் அந்தப் பிள்ளை படும் வேதனைக்கு யார் பொறுப்பு?

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாக இருக்காது. ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டாது.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆரம்பத்தை ஸ்கேன் காட்டாது. "போன மாசம்தான் ஸ்கேன் பண்ணின, எல்லாம் நல்லம்" என்று சொல்லி பெப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. எம்.ஓ.எச். காரியாலயத்தில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் அந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்வார்கள். குறிப்பாக 35 வயதிலும் 45 வயதிலும் போகச் சொல்கிறார்கள். பிரஷர், சீனி, மார்பகப் பரிசோதனையும் அங்கேயே நடக்கும். தரம் 6இல் நம் பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசியும் இதே புற்றுநோயைத் தடுப்பதற்குத்தான். 2017 முதல் பாடசாலைகளில் கொடுக்கிறார்கள். வட்ஸ்அப் வதந்தியை நம்பி அந்தப் படிவத்தில் "விருப்பமில்லை" என்று எழுதி அனுப்பும் பெற்றோர் இதையும் யோசிக்க வேண்டும்.

எண்டோமெற்ரியோசிஸ் என்று ஒரு நோய். கர்ப்பப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்ந்து மாதா மாதம் கடும் வலி தரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 வீதம், அதாவது 190 மில்லியன் பேருக்கு இது இருக்கிறது. இதனால் வரும் இரத்தக் கட்டி சூலகத்தில் இருந்தால் ஸ்கேனில் தெரியும். மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் தெரியாமலே போகலாம். அதனால் ரிப்போர்ட் நோர்மல் என்று வந்தவுடன், "பாத்தியா, ஒண்டும் இல்ல, சும்மா நடிக்கிறாள்" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஸ்கேன் வலியை அளக்கும் கருவி இல்லை. வலி தொடர்ந்தால் மறுபடியும் போய்க் காட்டுங்கள்.

பி.சி.ஓ.எஸ். பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது நம் பிள்ளைகளின் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் இது. 100 பெண்களில் 10 முதல் 13 பேருக்கு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பருவமடைந்து முதல் எட்டு வருடத்துக்குள் ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டல். அந்த வயதில் சூலகம் இயல்பாகவே பல சின்னப் பைகளுடன் இருக்கும். மாதவிடாய் ஒழுங்கீனம், முகத்தில் முடி, இரத்தப் பரிசோதனை என்று சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே டொக்டரிடம் காட்டாமல், ஒரு ஸ்கேன் சென்டரில் காசு கட்டி எடுத்து, ரிப்போர்ட்டைப் போனில் தேடி வாசித்து, 15 வயதுப் பிள்ளையிடம் "உனக்குப் பிள்ளை கிடைக்காது" என்று சொல்வது பெரிய அநியாயம். அப்படிச் சொல்லப்பட்டு உடைந்து போன பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் பார்த்திருக்கிறோம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் மிகப் பலர் பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள்.

முறை இதுதான்: முதலில் வைத்தியர், அவர் கேட்கும் கேள்விகள், பிறகு தேவையென்றால் ஸ்கேன், அதன் பிறகு ரிப்போர்ட்டுடன் மறுபடியும் அதே வைத்தியர். அரசாங்க ஹொஸ்பிட்டலில் இதற்குக் காசு இல்லை. கூட்டம் இருக்கும், திகதி தள்ளிப் போகும், அது உண்மை. வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு மட்டும் வருபவர் இல்லை அவர்.

வைத்தியர் முதலில் கேட்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்றுதான். இந்தக் கேள்விக்கு நம் பெண்களைப் போலத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. தொழுகையை எப்போது விட வேண்டும், எப்போது குளித்துத் தொடங்க வேண்டும், றமழானில் எத்தனை நோன்பு களா இருக்கிறது என்று சிறு வயதிலிருந்தே நாள் எண்ணிப் பழகியவர்கள் நாம். ஹைழ் எது, இஸ்திஹாழா எது என்று பிரித்தறியும் சட்டத்தை மத்ரஸாவிலேயே படிக்கிறோம். அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அது வைத்தியருக்குப் பாதி ரிப்போர்ட்.

இரத்தம் நிற்காமல் போவதைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் போய்க் கேட்டார்கள். நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. அது ஹைழ் இல்லை, ஒரு நரம்பிலிருந்து வரும் இரத்தம் என்று விளக்கினார்கள். தங்களுடைய மார்க்கத்தைக் கேட்டுப் படிக்க அன்சாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டினார்கள். நபியிடமே கேட்கத் தயங்காத பெண்களின் வழியில் வந்தவர்கள், ஒரு வைத்தியரிடம் கேட்க ஏன் தயங்க வேண்டும்?

ஆண் டொக்டர் என்றால் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. 1993இல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதற்கு ஒழுங்கு சொல்லியிருக்கிறது: முதலில் பெண் வைத்தியர், கிடைக்காவிட்டால் ஆண் வைத்தியர், தேவையான அளவு மட்டும், மஹ்ரமோ நம்பிக்கையான பெண்ணோ கூட இருக்க. கதவு மூடப்படவில்லை. பெண் வைத்தியர் வரட்டும் என்று இரத்தம் வடிய வடிய ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லவில்லை. வரிசையில் முதலில் வரும் பெண் வைத்தியரை உண்டாக்குவதும் நம் பொறுப்பு. ஏ.எல்.லில் உயிரியல் படிக்கும் மகளை இடையில் நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பவர்கள், மனைவிக்கு மட்டும் லேடி டொக்டர் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறதா?

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

ஹொஸ்பிட்டல் அபிவிருத்திக் குழுக்களிலும் பள்ளி நிர்வாகங்களிலும் இருக்கும் சகோதரர்களே, கட்டடத்துக்கும் டைல்ஸுக்கும் காசு சேர்க்கிறீர்கள், நல்லது. ஸ்கேன் அறைக்கு முன்னால் கர்ப்பிணிகளும் மற்றப் பெண்களும் தனித்தனியாக இருக்க ஓர் இடம், ஒரு நல்ல திரை, ரிப்போர்ட்டைத் தமிழில் விளங்கப்படுத்த ஒருவர், ஆண் வைத்தியர் பார்க்கும் நாளில் கூட நிற்க ஒரு பெண் உதவியாளர். இதற்கும் ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வருடத்தில் ஒரு நாள் மிட்வைப் மிஸ்ஸை அழைத்து நம் பெண்களுக்கு ஒரு வகுப்பு வையுங்கள்.

கணவன்மாரே, வாப்பாமாரே, மனைவியோ மகளோ "வயிறு வலிக்குது" என்று மூன்றாவது மாதமும் சொன்னால், அதைச் சொல்ல அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் லீவு போடுங்கள். வாசலில் விட்டுவிட்டுப் போகாமல் கூடவே இருங்கள்.

நம் எல்லோருக்குமான வேண்டுகோள் இது. ஸ்கேன் அறைக்கு முன்னால் தெரிந்த பிள்ளை ஒன்று உம்மாவுடன் உட்கார்ந்திருக்கக் கண்டால், ஸலாம் சொல்லுங்கள், சுகத்துக்குத் துஆச் செய்யுங்கள், வீட்டுக்கு வந்து அந்தக் கதையை எடுக்காதீர்கள். ஒரு முஸ்லிமின் மானத்தைக் காப்பதும், ஒரு பிள்ளைக்கு நேரத்தோடு வைத்தியம் கிடைக்க வழி விடுவதும் இந்த ஒரு மௌனத்தில் அடங்கியிருக்கிறது.

இதை உம்மாவுக்கு, ராத்தாவுக்கு, மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வொய்ஸ் போட்டு அனுப்புங்கள்.

நோயுற்ற நம் சகோதரிகள் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.